கப்பல் சங்கு

என் அக்காள் புருஷன் இராஜமாணிக்கத்தைப் பற்றி அருப்புக்கோட்டையில் யாரைக் கேட்டாலும், "அவரா? கல்கத்தாவுல சத்தம் புடிச்சிக்கிட்டு இருக்காரு" என்பார்கள். மீன் பிடிக்கிறவர் உண்டு, பாம்பு பிடிக்கிறவர் உண்டு. சத்தம் பிடிக்கிறவர் எங்கள் குடும்பத்தில் மட்டும்தான். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம், டாக்குரியாவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக் குடித்தனம், ஒரு மனைவி, ஒரு மகள். இவ்வளவும் இருந்த மனிதர் கடைசியில் ஒரு பீரோ நிறையக் கேசட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி எழுத வேறு ஆள் கிடையாது என்பதால் நான் எழுதுகிறேன். எனக்குப் பாட்டும் தெரியாது, பரதமும் தெரியாது.

நான் முருகானந்தம். சிவகாசிக் காலண்டர் கம்பெனி ஒன்றுக்கு வங்காளப் பிரதிநிதி. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் அதைத் தூக்கிக்கொண்டு ஹௌராவில் இறங்குவேன். கார்த்திகை முடியும்வரை கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் பிடிப்பேன். தங்குவது அத்தான் வீட்டில். இந்தத் தொழிலில் நான் கற்ற பாடம் ஒன்றுதான். நாக்கை நீட்டிய காளி படத்தை வங்காளத்து மளிகைக் கடைக்காரர் கேட்டு வாங்கி நடுக்கூடத்தில் மாட்டுகிறார். அதே படத்தை எங்கள் ஊரில் கொடுத்தால், "உக்கிரமான சாமிய வீட்டுக்குள்ள மாட்டச் சொல்றியே, நீ நல்லாயிருப்பியா?" என்று சண்டைக்கு வருவார்கள். சாமி ஒன்றுதான். ஆணி அடிக்கிற சுவர் வேறு.

தொண்ணூற்றொன்றில் நான் முதல் தடவை போனபோது, ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டிலிருந்து சங்கு ஊதும் சத்தம் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த வீட்டிலும் ஊதினார்கள். அதற்கடுத்த வீட்டிலும். ஒரே தெருவில் இத்தனை சாவா என்று பதறி உள்ளே ஓடினேன்.

"அத்தான், யாரோ தவறிட்டாங்க போல. நாலஞ்சு வீட்ல ஊதுறாங்க."

அத்தான் இருமல் வரும்வரை சிரித்தார். "மாப்ள, இங்க இது விளக்கேத்துற நேரத்துச் சத்தம். மகாலட்சுமிய வீட்டுக்குள்ள கூப்புடுறாங்க. நம்ம ஊரு நெனப்புலயே இருக்காத."

நம் பக்கம் சங்குக்கு மரியாதை இல்லை என்று சொல்ல முடியாது. கோயிலில் அபிஷேகம் செய்கிறோம், கைக்குழந்தைக்கு அதில்தான் பால் புகட்டுகிறோம். ஆனால் ஒரு வீட்டு வாசலில் நின்று ஊதினால் உள்ளே பிணம் கிடக்கிறது என்று பொருள். 'அவனுக்குச் சங்கு ஊதியாச்சு' என்றால் அவன் கதை முடிந்தது. வங்காளிகளோ கல்யாணத்துக்கு ஊதுகிறார்கள், பிள்ளை பிறந்தால் ஊதுகிறார்கள், தினமும் பொழுது சாய்ந்தால் ஊதுகிறார்கள். ஊதுவது என்றுகூட அவர்கள் சொல்வதில்லை. சிதாருக்கும் தபலாவுக்கும் என்ன வார்த்தையோ அதுதான் சங்குக்கும்: 'பாஜானோ'. அதாவது வாசிப்பது.

கீழ் வீட்டில் இருந்தவர் வீட்டுக்காரம்மா தாரா. அக்காள் மகள் தேவிப்ரியாவுக்கு அவர் தாரா மாஷி, நம் பேச்சில் தாரா சித்தி. அவளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாப்பாடு, சண்டை, தூக்கம் எல்லாமே மாஷி வீட்டில்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் மாஷி பக்கத்தில் நின்றுகொண்டு, தானும் சங்கு வாசிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பாள். கன்னம் புடைக்க ஊதுவாள், வெறும் காற்றுதான் வரும். அத்தானிடம் கிதர்பூர் மார்க்கெட்டில் வாங்கிய ஜப்பான் டேப் ரிக்கார்டர் ஒன்று இருந்தது. ஊருக்குப் பேசி அனுப்புவதற்கென்று வாங்கியதை, கிடைத்த சத்தத்தையெல்லாம் பதிவு செய்யப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். அதை மாடிப்படியில் வைத்து ஓடவிட்டிருந்த ஒரு நாள், அவளுடைய 'ஃபூ ஃபூ'வுக்கு நடுவில் திடீரென்று ஒரு முழுச் சத்தம் கிளம்பியது. கொஞ்சம் கோணல், கடைசியில் ஒரு நடுக்கம், ஆனாலும் நிஜமான சங்கு. மாஷி "ஓ மா!" என்று கத்தினார். என் அக்காள் பூங்கோதை மேலே அடுப்படியில் இருந்தபடி, "அந்தி நேரத்துல அவ கையில அதக் குடுக்காதீங்க தீதி" என்று இரைந்தாள். எல்லாம் கேசட்டில் விழுந்தது.

அக்காளுக்குக் கல்கத்தா ஒட்டவில்லை. சுவரில் ஏறும் ஈரம், கடுகெண்ணெய் வாடை, ஆளைப் பார்த்தால் மீனைப் பற்றியே பேசும் அக்கம்பக்கம், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். மகளைத்தான் பொறுக்க முடியவில்லை. தமிழில் கேட்டால் வங்காளத்தில் பதில் வரும். தாகம் எடுத்தால் "ஜொல்" என்பாள்.

"இப்பிடியே விட்டா நாளைக்கு எவன் கையவாவது புடிச்சுக் கூட்டிட்டு வந்து, 'மா, ஏய் ஆமார் பொர்'னு நிக்கப் போறா. அவன்தான் புருஷன்னு நான் யாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கறது?" என்று என்னிடம் கேட்டாள்.

அவள் பேச்சிலும் நியாயம் இருந்தது. பகல் முழுக்க அவளோடு தமிழ் பேச அந்த வீட்டில் ஒரு ஆள்தான் உண்டு, அதுவும் கை நழுவிக்கொண்டிருந்தது. தேவிப்ரியாவுக்கு ஒன்பது வயதில் அம்மாவும் மகளும் அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டார்கள். அத்தான் மாற்றல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே வருவார் என்பது பேச்சு. கேட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். "சோன் மாறினா சீனியாரிட்டி போயிரும் மாப்ள" என்று வருஷா வருஷம் ஒரே பல்லவி. சீனியாரிட்டியைக் கட்டிக்கொண்டு அந்த மனிதர் என்னத்தைக் கண்டார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கத் தெரியாதவனுக்கு எதற்குக் கல்யாணம் என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். எழுந்து போய் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

அடுத்த சீசனுக்குப் போனபோது வீடு கிடந்த கோலம் எனக்குச் சகிக்கவில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் ஒரே ஒரு வேட்டி. மேஜை முழுக்கப் பிரித்துப் போட்ட கேசட் ஓடுகள், பிளேடு, செல்லோடேப்.

"என்ன அத்தான், கேசட்டுக்கு ஆப்பரேஷனா?"

"பாப்பா குரல் இருக்கிற கேசட்டப் போட்டா, 'பாபா'ன்னு கூப்புடுது மாப்ள. ரெண்டாவது தடவ போட முடியல. அதான் தலைய வெட்டிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு பொறுமையாகச் சொன்னார். எல்லாச் சத்தத்துக்கும் ஒரு தலை உண்டாம். மணி என்றால் நாக்கு போய் இடிக்கிற இடம். 'பாபா' என்றால் உதடு பிரிகிற இடம். அந்தத் தலையை வைத்துத்தான் இது மணி, இது மகள் என்று காது கண்டுகொள்கிறது. நாடாவில் விரல் நகத்தின் அகலம் வெட்டி எறிந்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் ரீங்காரம். மணி புல்லாங்குழலாகிவிடும். மகள் யாரோ ஆகிவிடுவாள்.

"தல போயிருச்சுன்னா அடையாளம் தெரியாது. ஆனா ஆளு அங்கனதான் இருக்கும்," என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான். தாங்க முடியாத ஒன்றைத் தாங்கும்படி செய்துகொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார், பிறகு அந்த வழியே அவருக்குப் பிழைப்பாகிவிட்டது. வெட்டிய நாடாவை வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடுவார். மோட்டாரின் பின்பக்கத் திருகாணியைத் திருப்பி வேகத்தைக் குறைப்பார். ஒரு டேப் ரிக்கார்டரில் ஓடுவதை இன்னொன்றில் ஏற்றி, அதன்மேல் மூன்றாவதைப் போடுவார். டாக்குரியா ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும் செருப்புகள், குழாயடியில் காலி வாளியில் விழும் முதல் தண்ணீர், ஆபீஸ் ஜன்னலின் துருப்பிடித்த கொக்கி, கப்பல் கட்டும் துறையில் இரும்பை அடிக்கிற அடி, இதெல்லாம் அவருக்கு ஸ்வரம். பின்னாளில் சாந்தினி மார்க்கெட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். அதில் சத்தம் மலைத்தொடர்போலப் படமாகத் தெரியும். பிளேடுக்கு வேலை போனது, வெட்டு மட்டும் போகவில்லை.

"கேளு மாப்ள," என்று ஹெட்போனை என் தலையில் மாட்டுவார். கேட்பேன். பெரும்பாலும் என் காதுக்கு அது எண்ணெய் போடாத மின்விசிறி. அந்தக் காலி வாளிச் சத்தத்தை வைத்துச் செய்தது மட்டும் ஒரு மழைநாளில் என்னை என்னவோ செய்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் பத்துக் கேசட் போடுவார்.

ஒரு வருஷம் நம் ஆட்கள் சேர்ந்து நடத்திய பொங்கல் விழாவில் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கினார். பிள்ளைகள் நடனத்துக்கும் பல்குரல் நிகழ்ச்சிக்கும் நடுவில் கேசட் ஓடியது. மைக்செட்காரர் பாய்ந்து வந்து வயரைப் பிடுங்கிச் சரிபார்த்தார், ஒலிபெருக்கி கெட்டுவிட்டதாக நினைத்து. முன்வரிசையில் ஒரு அம்மாள், "எலி கடிச்சிருக்கும்" என்றார். அத்தானும் சேர்ந்து சிரித்தார். இன்னொரு தடவை பாலிகஞ்சில் படக் கண்காட்சி நடத்தும் பிள்ளைகள் சிலர் அவரை எப்படியோ கண்டுபிடித்து, ஒரு வெள்ளை அறையில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார்கள். முடிந்ததும் ஆங்கிலத்தில் நிறையப் புகழ்ந்தார்கள். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் சொன்னார்:

"எல்லாம் கேட்டாங்க மாப்ள. இது யாரோட சத்தம்னு ஒருத்தரும் கேக்கல."

அவருக்கு வேண்டியது பெயர் இல்லை, புகழ் இல்லை. ஒரே ஒரு ஆள் கேட்க வேண்டும். அந்த ஆள் அருப்புக்கோட்டையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் மார்க் சொல்லுவாள், அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுவார், பேச்சு தீர்ந்துவிடும். முதலில் "கேமோன் ஆச்சிஸ் மா?" என்று வங்காளத்தில் நலம் கேட்டால் அவளும் வங்காளத்தில் சொல்லுவாள். பிறகு "நல்லாயிருக்கேன்பா" என்று தமிழில் சொன்னாள். அதற்கும் பிறகு ஒரு நாள், "என்னப்பா கேட்டீங்க? சரியா கேக்கல" என்றாள். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதன்பின் அவர் வங்காளத்தில் கேட்பதை விட்டுவிட்டார்.

இரண்டாயிரத்து ஆறில் தேவிப்ரியாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை தினேஷ்குமார், ராஜபாளையத்துப் பையன். பார்த்தது, பேசியது, மண்டபம் பிடித்தது எல்லாம் அக்காள்தான். பெண்ணின் அப்பாவுக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று கும்பிட்டார். வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "எப்ப வந்தீக? எப்பக் கிளம்புறீக?" சொந்த மகள் கல்யாணத்தில் ஒரு மனிதனை இப்படிக் கேட்டால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? அவர் ஒவ்வொருவருக்கும் வந்த தேதியையும் போகிற தேதியையும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 

அவர் அக்காளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முந்தின நாள் வரவேற்பில், லைட் மியூசிக் தொடங்குவதற்கு முன்னால், அவர் செய்த ஒரு இசையைப் போட வேண்டும்.

"ஏழு நிமிஷந்தான் பூங்கோதை. பாப்பா கேட்டா அவளுக்குப் புரியும்."

அக்காள் என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி, போட்டுக்கோங்க. இது ஒண்ணத்தான் கேக்குறீங்க" என்றாள். அவள் குரல் அப்படி இளகி நான் வெகுநாளாகக் கேட்டதில்லை.

அதில் என்ன இருக்கிறது என்று அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதில் தாரா மாஷியின் சங்கில் மகள் ஊதிய அந்த முதல் சத்தம்தான் முழுக்க முழுக்க. அதன் தலையை வெட்டி, நீட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு சின்னப் பெண்ணின் மூச்சு ஒரு மண்டபத்தையே நிறைக்கும்படி செய்திருந்தார். மூன்று வருஷ வேலை. கேட்டதும் அவள் தன்னைக் கண்டுகொள்வாள், ஓடிவந்து, "அப்பா, இது நான்தானே?" என்பாள். அதற்காகத்தான் அவ்வளவும்.

மாலை, மண்டபம் நிறைந்திருந்தது. கீழே பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மைக்செட்காரர் சிடியைப் போட்டார். முதலில் அடியிலிருந்து ஒரு முனகல் மட்டும் எழுந்தது. ஜெனரேட்டர் என்று நினைத்து யாரும் திரும்பவில்லை. பிறகு அது மேலே ஏறி, விரிந்து, நடுங்கிக்கொண்டே நீண்டது.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது எல்லாருக்கும். "யாரு வீட்ல?" என்றார் ஒரு கிழவர். "நம்ம தெருவா?" என்றார் இன்னொருவர். செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தவர்களும் உண்டு. வெளியே பாடையும் இல்லை, கூட்டமும் இல்லை. சத்தம் மணமேடை ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது என்று புரிந்தபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவர் வெட்டிய தலை யாரை மறைத்ததோ, சங்கை மறைக்கவில்லை. நம் ஊர்க் காதுக்குச் சங்கை எங்கே வெட்டினாலும் சங்குதான். ஒரு காலத்தில் நான் பயந்ததைப் பார்த்துச் சிரித்த மனிதருக்கு, இத்தனை வருஷம் டாக்குரியாவில் பொழுது சாய்ந்து சாய்ந்து, அந்தப் பயம் இருந்த இடமே மறந்துபோயிருந்தது. அவருக்கு அது வீட்டில் விளக்கு ஏற்றுகிற சத்தம்.

"எவன்டா கல்யாண வீட்டுல சங்கு ஊதுறவன்? நிறுத்துடா!" மாப்பிள்ளையின் பெரியப்பா பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து மேலே வந்தார். மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர், குரலுக்குக் கேட்பானேன். "சம்பந்தி, என்ன காரியம் இது? பொண்ண அனுப்புறீகளா, பொணத்த அனுப்புறீகளா?"

மைக்செட்காரர் நிறுத்திவிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஓடியிருக்காது. அக்காள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடையில் தேவிப்ரியா அழுதுகொண்டிருந்தாள், கண் மை கன்னத்தில் இறங்கியிருந்தது. அத்தான் படியேறி அவளிடம் போனார். நான் பின்னாலேயே போனேன், யாராவது அவர்மேல் கை வைத்துவிடக் கூடாதே என்று.

"அப்பா," என்றாள். "எனக்கு ஏன்பா சங்கு ஊதுனீங்க?"

அவள் தன்னைக் கண்டுகொள்ளவில்லை. சங்கு என்று யாருக்கெல்லாம் தெரிய வேண்டாமோ அவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, தன் மூச்சு என்று தெரிய வேண்டியவளுக்குத் தெரியவில்லை. அத்தான் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அந்தக் கணத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. கோணலாகத் தொடங்கி நடுங்கி முடிகிற அந்தச் சங்கை நானும் கேட்டவன்தானே. 'ஊதினது நான் இல்லம்மா, நீதான்.' சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மாலையும் கழுத்துமாக நிற்கிற பெண்ணிடம், அத்தனை பேர் நடுவில், உனக்கு நீயே சங்கு ஊதிக்கொண்டாய் என்று தமிழில் எந்தத் தகப்பன் சொல்லுவான்?

அவர் வாயை மூடினார். பிறகு அவள் காதருகே குனிந்து, தணிந்த குரலில், "மோனே நேய் மா? துயீ தோ பாஜியேசிலி" என்றார். நினைவில்லையா அம்மா, நீதானே வாசித்தாய். அந்த மொழியில் அது எவ்வளவு சாதாரணமான, எவ்வளவு ஆசையான பேச்சு.

தேவிப்ரியா விழித்தாள். "என்னப்பா சொல்றீங்க? தமிழ்ல சொல்லுங்கப்பா. எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு."

அத்தான் நிமிர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், கடைசியாக மகளைப் பார்த்தார்.

"அது கப்பல் சங்கு பாப்பா," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "கார்டன் ரீச்சுல எங்க ஆபீஸுக்குப் பின்னால ஆத்துல கப்பல் போகும். அது ஊதுற சங்கு. நீ பொறந்து வளந்த ஊரு ஞாபகமா இருக்கட்டுமேன்னு போட்டேன்."

"கப்பலா?" என்றார் பெரியப்பா. "நம்ம மில்லு சங்கு மாதிரியா?"

"ஆமா சம்பந்தி. அதே மாதிரிதான்."

"அட, அத மொதல்லயே சொல்றதுக்கென்ன! உசுரே போயிருச்சு."

எங்கள் பக்கத்து மில்களில் ஷிஃப்ட்டுக்கு அடிக்கிற சைரனையும் சங்கு என்றுதான் சொல்வோம். அதற்கு யாரும் பயப்படுவதில்லை, அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம். மெஷின் ஊதினால் சம்பளம், மனுஷ மூச்சு ஊதினால் சாவு. அத்தானுக்கு அந்த ஒரு சந்துதான் கிடைத்தது, அதன் வழியாக மகளை வெளியே கொண்டுவந்துவிட்டார். அவளுடைய மூச்சை அதிலிருந்து எடுத்துவிட்டு நீராவியை வைத்துவிட்டார்.

பெரியப்பா கைகழுவப் போனார். பந்தி மறுபடி தொடங்கியது. தேவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்கப்பா, பயந்தே போயிட்டேன்" என்று சிரித்தாள். லைட் மியூசிக்காரர்கள் பிள்ளையார் பாட்டை ஆரம்பித்தார்கள். மண்டபத்தின் கடைசி நாற்காலியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டு இளவட்டம் ஒருவன், "என்ன மாமா, கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கை வச்சிக்கிட்டு?" என்று கேலி செய்ய, பக்கத்திலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அந்தப் பயலை அறைய வேண்டும்போல் இருந்தது. அவன்மேல் தப்பில்லை, அவனுக்கு என்ன தெரியும்.

திரும்பும்போது நானும் அவரோடு ரயிலில் போனேன். ஒடிசாப் பக்கம் காலை வெயிலில் வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதுவரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அத்தான், மறுநாளாவது அவளத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல? நீ சொல்லிப் பாரு மாப்ள."

சொல்லிப் பார்த்தேன். 'அது நீ ஊதுன சங்கு.' ஆகாது. 'உன் மூச்சத்தான் இழுத்து இழுத்து...' சீ, அது இன்னும் மோசம். 'சின்ன வயசுல உன் சங்க...' நம் ஊரில் சங்கு என்றால் கழுத்து, அதை அறுப்பார்கள், கடிப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுடுகாட்டுக்கே போய்ச் சேர்ந்தது. காலண்டரில் நல்ல நேரம் கெட்ட நேரம் போட்டு விற்கிறவன் நான். எனக்கே ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

"கெடைக்காது," என்றார் அவர். "மூணு நாளா நானும் பாத்துட்டேன்."

அதற்குப் பிறகு அவர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. கம்ப்யூட்டர்மேல் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஊருக்கு வரவில்லை. அக்காள் கூப்பிட்டாள், நான் கூப்பிட்டேன். "அங்க வந்து நான் என்ன மாப்ள பண்ண? எப்பக் கிளம்புறீகன்னு கேப்பாங்க" என்றார். 

இரண்டாயிரத்து ஒன்பது புரட்டாசியில் நான் அங்கே இருந்தபோது தேவிப்ரியாவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். அவள் மகன் அக்ஷய்க்கு இரண்டு வயது, சோறு தின்ன மாட்டேன் என்கிறானாம்.

"தாத்தா ஊர்ல கப்பல் ஊதும்னு சொன்னேன்பா. இப்ப தெனமும் அதக் கேட்டு உயிர எடுக்குறான். கல்யாணத்துல போட்டீங்களே, அந்தக் கப்பல் சங்க அனுப்பி வைங்களேன்."

போனை வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்து அந்தச் சிடியைக் கையில் எடுத்தார்.

"அனுப்பிருங்க அத்தான். இப்பவாவது முழுசாக் கேக்கட்டும்," என்றேன்.

"அது அவளோடது மாப்ள. கப்பல்னு பேரு வச்சு நான் எப்படி அனுப்ப?"

மறுநாள் காலையில் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கார்டன் ரீச் படகுத்துறைக்குப் போனார். வெயிலில் குடைபிடித்துக் காத்திருந்தோம். மத்தியானம் ஒரு சரக்குக் கப்பல் வந்து ஊதியது. பதிவு செய்தார். வீட்டுக்கு வந்து அதைத் தொடவே இல்லை. வெட்டவில்லை, நீட்டவில்லை, தலையும் வாலும் இருந்தபடியே சிடியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

பத்து நாளில் போன் வந்தது. பின்னால் பிள்ளை 'பூ... பூ...' என்று கத்திக்கொண்டிருந்தது.

"கெடச்சிருச்சுப்பா! நல்லாச் சாப்புடுறான். நானும் உக்காந்து கேட்டேன். அன்னைக்குப் பயத்துல ஒண்ணுமே தோணல. இப்பக் கேட்டா என்னமோ செய்யுதுப்பா. உங்க பக்கத்துலயே இருக்கிற மாதிரி இருக்கு. இது அன்னைக்குப் போட்டதுதானே?"

அத்தான் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா பாப்பா," என்றார். "அதேதான்."